குதிரையை மாடுபோல் வளர்க்காதீர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை பிடித்து வருகிறவர், வீட்டில் மாடு இருந்தால் அதற்கு வைக்கும் தீனியையே இதற்கும் வைப்பார். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. குதிரை அசைபோடாது. அதன் இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். ஒத்துக்கொள்ளாததைத் தின்றுவிட்டால் வாந்தியும் எடுக்க முடியாது.

கழுநீர், மிச்சச் சோறு, பந்தி மிச்சம் எதுவும் வேண்டாம். மாவுச்சத்து பெருங்குடலில் புளித்து வயிற்றுவலி வரும். குளம்புக்குள் அழற்சி வந்து குதிரை நடக்க முடியாமல் நின்றுவிடும். 300 கிலோ குதிரைக்கு நாளைக்கு 5–6 கிலோ காய்ந்த புல், பல தடவையாகப் பிரித்து. கொள்ளை ஊறவைத்து வேகவைத்தே கொடுங்கள். தானியம், பயறு எல்லாம் சேர்த்து வேளைக்கு 1 கிலோ போதும். தீனியை மாற்றுவதானால் 7–10 நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லில். அதிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பை மாட்டு வயிற்று நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். குதிரைக்கோ அது உணவிலுள்ள கால்சியத்தை உடம்பில் சேரவிடாது. கூடவே கோதுமைத் தவிட்டை வாளி வாளியாகக் கொட்டினால், தவிட்டின் பாஸ்பரஸ் நிலைமையை இன்னும் மோசமாக்கும். உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். முதலில் கால் மாற்றி மாற்றி நொண்டும்; மாதக்கணக்கில் போனால் முகத்தின் இருபுறமும் எலும்பு புடைக்கும். அதைப் பார்த்து ‘முகம் தேறிவிட்டது’ என்று மகிழ்பவர்களும் உண்டு! அருகம்புல்லைப் பிரதானமாக வைத்து, கொஞ்சம் குதிரைமசால் என்ற தீவனப்பயிரைச் சேருங்கள். பேரிலேயே குதிரை இருக்கிறதே.

கோழித்தீவனம் எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது. அதில் கலக்கும் மொனென்சின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும்.

விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்காலால் தரையைப் பறிப்பது, வியர்த்துப் புரள்வது எல்லாம் வயிற்றுவலி. மாட்டுக்குப் போலத் தலையைத் தூக்கி மூங்கில் குழாயில் எண்ணெய் புகட்டினால் அது நுரையீரலுக்குள் இறங்கலாம். கால்நடை மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் செலுத்துவார். தீனியை எடுத்துவிட்டு அவரை அழையுங்கள். தாடை எலும்பின் அடியில் விரல் வைத்து நாடியை எண்ணிச் சொன்னால் உதவும்: நிமிடத்துக்கு 28–44 இயல்பு, 60 தாண்டினால் அவசரம்.

உழவு மாட்டைத் தட்டுவதுபோல் பின்னாலிருந்து தட்டாதீர்கள். நேர் பின்னால் இருப்பது குதிரைக்குத் தெரியாது, உதைத்துவிடும். குரல் கொடுத்துக்கொண்டே இடது தோள் பக்கமாகப் போங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டால், மிரண்டு இழுக்கும்போது விரல் போய்விடும். கட்டிப்போடுவது தலைக்கயிற்றில்தான், கடிவாளத்தில் அல்ல. முடிச்சு, நுனியை இழுத்ததும் அவிழ வேண்டும்.