‘காசு வாங்கலையே அண்ணே!’: ரசிகர் படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற கடை எனக்கு. ஆடியிலும் தவக்காலத்திலும் கல்யாண வேலை குறைந்துவிடும். அப்போது ஷார்ட் பிலிம் பையன்கள் ஹார்ட் டிஸ்க்கோடு வருவார்கள். போன ஆடியில் முட்டத்திலிருந்து ஒருவன் வந்தான். அவன் உயிரையே வைத்திருக்கிற ஒரு பழைய படத்தில் கடைசியில் வில்லன் தப்பித்துப் போவான். அந்த வில்லன் இருபது வருஷம் கழித்து முட்டத்தில் மீன் ஏலம் விட்டுப் பிழைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் கதை. இப்படிப் பிடித்த படத்தின் பாத்திரங்களை வைத்து ரசிகன் தானே எடுப்பதைத்தான் ரசிகர் படம் என்கிறேன். 11 நிமிஷம். லைட் ஹவுஸுக்குக் கீழே பாறையில் எடுத்த சண்டை உண்மையிலேயே நன்றாக இருந்தது. சண்டைக்குப் பின்னால் ஓடியது அந்தப் பழைய படத்தின் பிஜிஎம்.

சாயங்காலம் என் கடையிலிருந்தே யூட்யூப்பில் ஏற்றினான். வாங்கிய சாயா ஆறுவதற்குள் மெயில் வந்துவிட்டது. படத்தை யாரும் தூக்கவில்லை. விளம்பர வருமானம் இசை உரிமையாளருக்குப் போகும் என்று மட்டும்தான் அதில் இருந்தது. பையன் பயந்துபோய் வீடியோவை அழித்தான். வீட்டுக்குப் போய் இசையின் ஸ்ருதியைக் கொஞ்சம் ஏற்றி, படத்தை இடம் வலமாகத் திருப்பி, மறுபடி போட்டான். நாலு நாளில் ஸ்டிரைக்.

நான் பார்த்தவரை அதிகம் பேர் விழுவது இந்தக் குழியில்தான். கிளைம் வேறு, ஸ்டிரைக் வேறு. கிளைம் பெரும்பாலும் இயந்திரம் கண்டுபிடித்துப் போடுவது. பல சமயம் வீடியோ அப்படியே இருக்கும், வருமானம் மட்டும் கை மாறும், சேனலுக்குப் பெரிய கெடுதல் இல்லை. ஸ்டிரைக் என்பது உரிமையாளர் முறைப்படி எழுதிக் கேட்டு வீடியோவைத் தூக்க வைப்பது. 90 நாளுக்குள் மூன்று வாங்கினால் சேனலே போய்விடும். ஸ்டிரைக் வந்த பிறகு வீடியோவை அழித்தாலும் ஸ்டிரைக் அழியாது. ஸ்ருதி ஏற்றுவது, திருப்பிப் போடுவது எல்லாம் ‘தெரிந்தேதான் செய்தேன்’ என்று நாமே எழுதிக் கொடுப்பது மாதிரி.

“எதிர் நோட்டீஸ் போடலாமாண்ணே?” என்று கேட்டான். போடலாம். ஆனால் அதில் உண்மைப் பெயரும் விலாசமும் தரவேண்டும். அது எதிராளி கைக்குப் போகும். தப்பாகத் தூக்கிவிட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறவனுக்கான வழி அது. மற்றவர்கள் உரிமையாளருக்கே எழுதி, வாபஸ் வாங்கச் சொல்லிக் கேட்பது நல்லது. இல்லையென்றால் ஸ்டிரைக் காலாவதியாகும்வரை 90 நாள் வாயைத் திறக்காமல் இருக்கலாம்.

அடுத்தது, எல்லோரும் சொல்லும் வசனம்: “காசு வாங்கலையே அண்ணே!” இது கேடயம் இல்லை மக்கா. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் தண்டனை 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் காரணத்தை எழுதித் தண்டனையைக் குறைக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. குறைக்கலாம், அவ்வளவுதான். குற்றமே இல்லை என்று எங்கேயும் சொல்லவில்லை.

காசு வாங்கினால் கதை இன்னும் மோசம். அமெரிக்காவில் ‘ஸ்டார் டிரெக்’ என்ற விண்வெளித் தொடரின் ரசிகர்கள் பல வருடங்களாகச் சொந்தமாகப் படம் எடுத்து வந்தார்கள். ஸ்டுடியோ பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. ‘ஆக்ஸனார்’ என்ற ரசிகர் படத்துக்கு இணையத்தில் 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். அதில் தனி ஸ்டுடியோவே அமைத்தார்கள். 2015 டிசம்பர் கடைசியில் தொடரின் உரிமையாளர்களான பாரமவுண்டும் சிபிஎஸ்ஸும் வழக்குப் போட்டன. 2016 மே மாதம், ஸ்டார் டிரெக் வரிசையில் இரண்டு படம் இயக்கிய ஜே.ஜே. ஏப்ரம்ஸ் மேடையிலேயே வழக்கு சீக்கிரம் முடிந்துவிடும் என்றார். கைதட்டல் கிடைத்தது, வழக்கு முடியவில்லை. 2017 ஜனவரியில் ‘நியாயமான பயன்பாடு’ (அனுமதி இல்லாமலே ஓரளவு எடுத்தாளச் சட்டம் தரும் விலக்கு) என்ற வாதம் இங்கே செல்லாது என்று நீதிபதி சொன்ன பிறகுதான் சமரசம் ஆனது. முழுநீளப் படம் போய், 15 நிமிஷப் படம் இரண்டு என்று சுருங்கியது.

நடுவில் 2016 ஜூனில் இதே இரண்டு நிறுவனங்களும் ரசிகர் படங்களுக்கு விதிகள் வெளியிட்டன. ஒரு கதைக்கு 15 நிமிஷம், இரண்டு பாகம் என்றால் மொத்தம் 30. நிதி 50,000 டாலருக்கு மேல் கூடாது. யாருக்கும் சம்பளம் இல்லை. அந்தத் தொடரில் நடித்தவர்களைச் சேர்க்கக்கூடாது. கடுமைதான். ஆனாலும் கோடு எங்கே இருக்கிறது என்றாவது அங்கே தெரிகிறது. நம்மூரில் கோடு போட யாரும் மெனக்கெடவில்லை. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் தனியாகக் கேட்டாக வேண்டும்.

யாரிடம் கேட்பது? “டைரக்டரே லைக் போட்டுட்டாருண்ணே” என்று மார்த்தாண்டத்துப் பையன் ஒருவன் ஸ்கிரீன்ஷாட் காட்டினான். சந்தோஷம். ஆனால் நம் சட்டப்படி சினிமாப் படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர்தான். டைரக்டர், ஹீரோ, ரசிகர் மன்றத் தலைவர், யார் லைக்கும் அனுமதி ஆகாது. தயாரிப்பாளரும் உரிமையை வேறு யாருக்காவது விற்றிருக்கலாம். உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 30ஆம் பிரிவு. போனில் ‘சரி தம்பி, பண்ணு’ என்றாலும் வாட்ஸாப்பிலாவது எழுதி வாங்கிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இசை தனி வில்லங்கம். ஒரு பாட்டில் மெட்டுக்கு ஒரு உரிமை, வரிக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. ‘நானே கீபோர்டில் வாசித்தேன்’ என்றால் ஒலிப்பதிவு மட்டும்தான் உங்களுடையது. மெட்டு இன்னும் அடுத்தவருடையதே. ‘ஸ்டார் வார்ஸ்’ வில்லன் டார்த் வேடரை வைத்து 2018இல் வந்த ஒரு ரசிகர் படத்தில் புது இசைதான் போட்டிருந்தார்கள். ஆனாலும் பழைய மெட்டு ஒன்றின் சாயல் இருந்ததால் 2019 ஜனவரியில் கிளைம் விழுந்தது. ஸ்டார் வார்ஸ் படங்களைத் தயாரிக்கும் லூக்காஸ் பிலிம் தலையிட்ட பிறகே அது நீங்கியது. நமக்காகத் தலையிட யார் இருக்கிறார்கள்?

‘சில விநாடி எடுத்தால் பரவாயில்லை’ என்பதும் புரளி. அப்படி ஒரு கணக்கு நம் சட்டத்தில் எங்கேயும் இல்லை. 3 விநாடிக் காட்சிக்கு 10 கோடி கேட்டு நோட்டீஸ் வந்ததாக 2024 நவம்பரில் நயன்தாரா எழுதிய கடிதத்தை எல்லோரும் படித்திருப்பீர்கள்.

வீடியோவுக்குக் கீழே ‘செக்‌ஷன் 107’, ‘நியாயமான பயன்பாடு’ என்று ஒரு நீளமான பத்தி ஒட்டுகிறார்களே, அது அமெரிக்காவின் 1976ஆம் வருடச் சட்டம். தக்கலையிலிருந்து படம் போடுகிறவர் பார்க்க வேண்டியது நம் 52ஆம் பிரிவை. சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி என்று அது குறிப்பாகச் சொல்கிறது. ரசிகனின் பாசம் அந்தப் பட்டியலில் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், நாடக ஆசிரியர் தோப்பில் பாசி 1952இல் எழுதிய புகழ்பெற்ற நாடகத்துக்குப் பதிலடியாக, அதன் பாத்திரங்களையும் வசனங்களையும் எடுத்தாண்டு சிவிக் சந்திரன் ஓர் எதிர் நாடகம் எழுதினார். வழக்கு வந்தது. எவ்வளவு எடுத்தார், எதற்காக எடுத்தார், மூலத்தோடு போட்டிக்கு நிற்கிறதா என்று பார்த்த கேரள உயர் நீதிமன்றம் 1996இல் அவர் பக்கம் நின்றது, அது விமர்சனம் என்பதால். திட்டுகிறவனுக்குச் சட்டத்தில் இருக்கிற இடம் கொஞ்சுகிறவனுக்கு இல்லை!

பத்மநாபபுரம் அரண்மனையில் ஷூட்டிங் அனுமதி வாங்கியவர்களும் இங்கே குழம்புகிறார்கள். இடத்துக்கு வாங்கிய அனுமதி கதைக்கு ஆகாது.

முட்டத்துப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். எண்ணத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொன்னதை அவனுக்கு விளக்கினேன். தப்பித்து வந்த ஒரு பழைய ரவுடி மீன் ஏலம் விடுகிறான் என்பது யார் வீட்டுச் சொத்தும் இல்லை. அந்தப் பெயர், அந்த வசனம், அந்த பிஜிஎம், பழைய படத்திலிருந்து வெட்டி வைத்த பிளாஷ்பேக், இவைதான் அடுத்தவர் சொத்து. தயாரிப்பாளருக்குப் பதிவுத் தபால் எழுதினோம்: எத்தனை நிமிஷம், எங்கே போடுவோம், வருமானம் இல்லை, எந்தக் காட்சி, எந்த இசை. பதில் வரவில்லை. பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அதனால் வில்லனுக்கு வேறு பெயர் வைத்தான். பிளாஷ்பேக் போயிற்று. கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிற கூட்டுக்காரன் புது இசை போட்டுக் கொடுத்தான். படம் 9 நிமிஷமானது. சொன்னால் கோபப்படுவான், முன்பைவிட இதுதான் நன்றாக இருக்கிறது. ஏற்றி ரெண்டு மாசம் ஆகிறது, ஒரு மெயிலும் வரவில்லை. ஊரில் ஒரு ஏலக்காரர் மட்டும் கடற்கரையில் அவனை மறித்து, “லே, அது நான்தானே?” என்று கேட்டிருக்கிறார்.