பங்கர் ஹில் போர்க்களத்தை நடந்து படிப்பது எப்படி

பிள்ளைகளைப் பார்க்க பாஸ்டன் வரும் பெற்றோரை ஒரு சனிக்கிழமை நகரைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போவார்கள். தரையில் ஓடும் சிவப்புக் கோட்டைப் பிடித்து நடந்தால் சார்லஸ்டவுன் பகுதியில் உயரமான கருங்கல் தூண் ஒன்று வரும். அதன் முன் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார்கள். வேலூரில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எனக்கு இது பொறுக்கவில்லை. அமெரிக்க விடுதலைப் போரின் முதல் பெரிய சண்டை, 1775 ஜூன் 17 அன்று அங்கேதான் நடந்தது. அரை நாள் ஒதுக்கினால் அதைக் காலாலேயே படித்துவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை: தூணிலிருந்து தொடங்காதீர்கள். பிரிட்டிஷ் சிப்பாய்கள் வந்த வழியில் வந்து, அவர்கள் ஏறிய பக்கமாக ஏறுங்கள்.

முந்தின நாள் இரவு ஒரு தாளில் படம் வரைந்துகொள்ளுங்கள். கைப்பேசியில் உள்ள வரைபடம் இதற்கு உதவாது. கரையெல்லாம் பின்னாளில் மண் கொட்டி நிரப்பப்பட்டுவிட்டது. அன்றைய சார்லஸ்டவுன் ஒரு தீபகற்பம். தெற்கே சார்லஸ் ஆறு, அதற்கு அப்பால் பாஸ்டன். வடக்கே மிஸ்டிக் ஆறு. வடமேற்கில் ஒடுக்கமான நிலப்பாலம். அந்தப் பாலத்தின் அருகே உயரமான பங்கர் குன்று. அதற்குத் தென்கிழக்கே, பாஸ்டனுக்கு இன்னும் நெருக்கமாக, உயரம் குறைந்த பிரீட்ஸ் குன்று. கிழக்கு முனைக்கு மோல்ட்டன்ஸ் பாயிண்ட் என்று பெயர். இவ்வளவும் தாளில் இருந்தால் போதும்.

பின்னணியும் சிறியதுதான். ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டன், கான்கார்டு ஊர்களில் துப்பாக்கி வெடித்ததும் நியூ இங்கிலாந்து விவசாயிகள் திரண்டுவந்து பாஸ்டனை வளைத்துக்கொண்டார்கள். உள்ளே தளபதி கேஜும் பிரிட்டிஷ் படையும். சுற்றியுள்ள உயரங்களைப் பிடிக்க அவர்கள் போட்ட திட்டம் வெளியே கசிந்தது. வளைத்து நின்ற அமெரிக்கக் குடியேற்றத்தார் முந்திக்கொண்டு குன்றில் அரண் கட்டினார்கள்.

காலையில் பாஸ்டன் லாங் வார்ஃப் துறைக்குப் போய், சார்லஸ்டவுன் நேவி யார்டுக்குச் செல்லும் படகில் ஏறுங்கள். பஸ்ஸிலும் போகலாம், ஆனால் படகுதான் சரி. அன்று பிற்பகல் சிவப்புச் சட்டை அணிந்த பிரிட்டிஷ் படையின் ஒரு பகுதி படகேறியது இதே லாங் வார்ஃபில்தான். மேல்தளத்தில் இடப்பக்கம் நில்லுங்கள். பாஸ்டன் கரையில் ஓல்டு நார்த் தேவாலயத்தின் கோபுரம் தெரியும். அதை ஒட்டிய காப்ஸ் ஹில் மேட்டிலிருந்து பிரிட்டிஷ் பீரங்கிகள் ஆற்றைத் தாண்டிச் சுட்டன. சார்லஸ்டவுன் ஊர் முழுதும் பற்றி எரிந்தது.

பிரிட்டிஷ் படை கரையிறங்கிய கிழக்கு முனை இன்று நேவி யார்டு வளாகத்துக்குள் அடங்கிவிட்டது. அங்கே நிற்கும் யுஎஸ்எஸ் கான்ஸ்டிட்யூஷன் என்ற பழைய போர்க்கப்பலைப் பிறகு பார்க்கலாம். முதலில் குன்றின் பக்கம் திரும்பி நின்று உங்கள் தாளைப் பிரித்துப் பாருங்கள். தாக்குதலை நடத்திய பிரிட்டிஷ் தளபதி ஹோவும் இங்கே நின்று மேலே பார்த்தார். எதிரில் கூடுதல் ஆட்கள் வருவதைக் கண்டு துணைப்படைக்கு ஆள் அனுப்பினார். அது வரும்வரை சிப்பாய்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த இடைவெளிதான் அன்றைய நாளின் போக்கை மாற்றியது என்பது என் கருத்து. காரணம் மேலே போனால் தெரியும்.

இனி ஏறுங்கள். வழியில் வின்த்ரோப் சதுக்கம் வரும். அன்று இறந்த குடியேற்றத்தாரின் பெயர்கள் அங்கே வெண்கலப் பலகைகளில் இருக்கின்றன. இரண்டு மூன்று பெயர்களையாவது வாய்விட்டுப் படியுங்கள். மேலே போகப் போக மூச்சு வாங்கும். சிப்பாய்கள் கம்பளிச் சட்டையும் மூட்டையுமாக, ஜூன் வெயிலில், வெட்டப்படாத புல்லிலும் குறுக்கே வந்த வேலிகளிலும் கால் இடறி ஏறினார்கள். இன்று நமக்கு நடைபாதை இருக்கிறது.

தூண் நிற்பது பங்கர் குன்றில் இல்லை, பிரீட்ஸ் குன்றில். அந்தச் சதுக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு சுற்றி வராமல் ஒன்றை அளந்து பாருங்கள். குடியேற்றத்தார் தரப்பின் கர்னல் வில்லியம் பிரெஸ்காட்டின் ஆட்கள் கட்டிய மண்கோட்டை பக்கத்துக்கு ஏறத்தாழ 40 மீட்டர். ஐம்பது அறுபது எட்டு வைத்தால் ஒரு பக்கம் முடிந்துவிடும். நள்ளிரவை ஒட்டி மண்வெட்டி எடுத்தவர்கள் நான்கு மணிக்கு விடியும்போது ஆள் உயரச் சுவர் எழுப்பியிருந்தார்கள். ‘லைவ்லி’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அதைப் பார்த்ததும் சுடத் தொடங்கியது. பங்கர் குன்றில் அரண் கட்டும்படி வந்த கட்டளையை மீறி அவர்கள் ஏன் இந்தக் குன்றுக்கு வந்தார்கள் என்று இன்றும் வாதிக்கிறார்கள். நீங்கள் தெற்கே பார்த்தால் பாஸ்டன் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பது தெரியும். இங்கே பீரங்கி வைத்தால் கேஜ் சும்மா இருக்க முடியாது. சண்டைக்கு இழுக்கும் இடம் இது.

இப்போது சதுக்கத்தின் வடக்கு ஓரத்துக்குப் போங்கள். வழிகாட்டிகள் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. எனக்கோ இதுதான் முக்கியமான இடம். கோட்டைக்கும் மிஸ்டிக் ஆற்றுக்கும் நடுவே அன்று காலி நிலம். ஹோ அந்தப் பக்கமாகச் சுற்றிவந்து கோட்டையைப் பின்புறம் பிடிக்க நினைத்தார். கீழே சிப்பாய்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கனெக்டிகட்டின் கேப்டன் நோல்டனும் நியூ ஹாம்ப்ஷயரின் கர்னல் ஜான் ஸ்டார்க்கும் அந்த ஓட்டையை அடைத்தார்கள். இருந்த மரவேலிக்குள் வெட்டிய புல்லைத் திணித்தார்கள். அது குண்டைத் தடுக்காது, ஆனால் ஆளை மறைக்கும். ஆற்று மணலில் கல்லடுக்கிச் சுவர் வைத்தார்கள். ஸ்டார்க் முன்னே நடந்துபோய், சுமார் 35 மீட்டர் தூரத்தில் ஒரு குச்சியை நட்டார். எதிரி அதைத் தாண்டும்வரை யாரும் சுடக் கூடாது. கண்ணின் வெள்ளை தெரியும்வரை சுடாதே என்ற வாசகத்தை எல்லோரும் சொல்வார்கள். யார் சொன்னது என்பதில் ஒற்றுமை கிடையாது. நான் பிள்ளைகளுக்குக் காட்டுவது இந்தக் குச்சியைத்தான். ஓரிடத்தில் ஒருவரை நிறுத்திவிட்டு நாற்பத்தைந்து எட்டு தள்ளிப்போய்த் திரும்பிப் பாருங்கள். முகம் தெளிவாகத் தெரியும். அந்தத் தூரத்தில் சுடும்படிதான் காத்திருந்தார்கள். குறுகிய மணற்கரையில் நெருக்கமாக வந்த படை அப்படியே சரிந்தது.

தூணின் முன்புறம் பிரெஸ்காட் சிலைக்கு வந்து கோட்டையின் முடிவை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தாக்குதல்கள் திரும்பின. மூன்றாவதில் உள்ளே வெடிமருந்து தீர்ந்துவிட்டது. துப்பாக்கி முனையில் செருகும் கத்தி (பயனெட்) வைத்திருந்தவர்கள் சிலர்தான். குடியேற்றத்தாரின் தலைவர்களில் ஒருவரான டாக்டர் ஜோசப் வாரன் இங்கே இறந்தார். அருகிலுள்ள சிறு கட்டடத்தில் அவர் சிலை இருக்கிறது.

வேலூர்க்காரனாக ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கோட்டையில் ஏறும்போது தலையில் குண்டு பட்டு விழுந்தவர்களில் பிரிட்டிஷ் ஐந்தாம் ரெஜிமெண்ட் கேப்டன் ஜார்ஜ் ஹாரிஸும் ஒருவர். மண்டையோட்டில் அறுவை சிகிச்சை செய்து அவரைப் பிழைக்கவைத்தார்கள். 1799 இல் வேலூரிலிருந்து பெரும் படையோடு ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று திப்புவை வீழ்த்திய தளபதி ஹாரிஸ் இவரேதான். பங்கர் ஹில்லில் ஹாரிஸின் சிறு படைப்பிரிவிலேயே இருந்த லெப்டினன்ட் ராடன் பிற்காலத்தில் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். வகுப்பில் திப்பு பாடம் வரும்போது இந்த இடத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

தூணின் உயரம் 221 அடி, படிகள் 294, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் எதிரே உள்ள அருங்காட்சியகத்துக்குப் போகலாம், கழிப்பறையும் அங்கேதான். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு வடமேற்கே நடங்கள். செயின்ட் பிரான்சிஸ் டி சேல்ஸ் தேவாலயம் நிற்கும் மேடுதான் உண்மையான பங்கர் குன்று. தோற்றவர்கள் இதன் வழியாகத்தான் பின்வாங்கினார்கள். இங்கே நின்று கணக்கைப் பாருங்கள்: குன்றைப் பிடித்த பிரிட்டிஷ் தரப்பில் 226 பேர் இறந்தார்கள், 828 பேர் காயமடைந்தார்கள். குன்றை இழந்தவர்களின் சேதம் எல்லாம் சேர்த்து சுமார் 450. இதே விலைக்கு இன்னொரு குன்றையும் விற்க ஆசை என்று எழுதினார் அமெரிக்கத் தளபதி நத்தானியல் கிரீன். கேஜ் திரும்ப அழைக்கப்பட்டார். பொறுப்பு ஹோவிடம் வந்தது.

இங்கிருந்து இறங்கினால் சல்லிவன் சதுக்க ரயில் நிலையம். பழைய நிலப்பாலம் இந்தப் பக்கம்தான், ஆரஞ்சு லைன் ரயில் உங்களை நகருக்குக் கொண்டுபோய்விடும். இன்னொரு நாள் கிடைத்தால் தெற்கு பாஸ்டனில் டார்செஸ்டர் ஹைட்ஸ் மேட்டுக்குப் போங்கள். 1776 மார்ச்சில் அங்கேயும் இரவோடு இரவாக அரண் எழுந்தது. ஹோ தாக்கத் திட்டமிட்டார், புயல் வந்தது, திட்டத்தைக் கைவிட்டார். மார்ச் 17 அன்று பிரிட்டிஷ் படை கப்பலேறி பாஸ்டனை விட்டுப் போனது.