ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்லித் தருவது: எது போனில், எது வகுப்பில்

எம்.ஏ. தமிழ் வகுப்பில் ஆய்வுக் கட்டுரை எழுதுவது பற்றி ஒரு மணி நேரமும் நாமே பேசித் தீர்த்துவிடுகிறோம். எழுதுவது மட்டும் விடுதி அறையில், கெடுவுக்கு முந்தின ராத்திரி, கேட்க ஆளில்லாமல் நடக்கிறது. இதைத் திருப்பிப் போடுங்கள். நம் பேச்சு வீடியோவாகப் போனுக்குப் போகட்டும், எழுத்து வகுப்புக்கு வரட்டும். 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வெளியிட்ட கலப்புக் கற்றல் வரைவு, ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை இணையவழியில் நடத்தலாம் என்றது. நம் விரிவுரை அதற்குள் தாராளமாக அடங்கும்.

வீடியோ எட்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஒன்றில் ஒரே விஷயம்: அடிக்குறிப்பு இடுவது, மேற்கோளை எங்கே முடிப்பது, ஷோத்கங்கா என்ற ஆய்வேட்டு இணையக் களஞ்சியத்தில் பழைய ஆய்வேடு தேடுவது. டேட்டா தீர்ந்துபோகும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு, அதனால் அதையே ஆடியோவாகவும் ஒரு பக்கக் குறிப்பாகவும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள்.

சரி, வகுப்பில் என்ன செய்வது? எல்லாருக்கும் ஒரே பாடல், 20 நிமிடம், ஒரே ஒரு பத்தி, கையால். நான் குறுந்தொகை 16 கொடுப்பேன். கள்ளிக் காட்டில் பல்லி தன் துணையைக் கூப்பிடுகிறது. அந்த ஒலி, கள்வர்கள் அம்பு முனையை நகத்தில் புரட்டிப் பார்க்கும் ஓசைபோல இருக்கிறது. ஒரு மாணவி “பாலை நிலத்தின் கொடுமையை இப்பாடல் மிக அழகாக எடுத்துக்காட்டுகிறது” என்று தொடங்கியிருந்தாள். எந்தப் பாலைப் பாட்டுக்கும் பொருந்துகிற வாக்கியம். “எந்தச் சொல்லில் காட்டுகிறதும்மா?” என்று மட்டும் கேட்டேன். பாட்டை மறுபடி படித்துப் பார்த்துவிட்டு எழுதினாள்: “துணையை அழைக்கும் ஒலியே கள்வரின் அம்பொலியாகக் கேட்பதால், அன்பை நினைவூட்டும் ஒலி ஆபத்தையும் நினைவூட்டுகிறது.” இதை ஒருவர் மறுக்கலாம், ஆதாரம் கேட்கலாம். கட்டுரை இங்கேதான் தொடங்குகிறது, இந்த ஒரு கேள்வியை நேரில், தோளுக்குப் பக்கத்தில் நின்று கேட்டால்தான் வேலை செய்கிறது.

அப்புறம் அந்தப் பத்தியை கூகுள் டாக்ஸில் ஏற்றி அங்கேயே வளர்க்கச் சொல்லுங்கள். முதல் வரைவில் இரண்டே குறிப்புகள் போடுங்கள், இரண்டும் கருத்தைப் பற்றி. ஒற்றுப்பிழையை அப்போது தொடாதீர்கள், சிவப்பைப் பார்த்ததும் பிள்ளைகள் யோசிப்பதை விட்டுவிட்டு எழுத்தைத் திருத்த உட்கார்ந்துவிடுகிறார்கள். பக்கத்து மாணவரும் படிக்கட்டும். “இவர் சொல்ல வருவது என்ன?” என்பதை ஒரே வரியில் எழுதிக் காட்டினால் போதும். அந்த வரியும் எழுதியவர் நினைத்ததும் ஒத்துப்போகவில்லை என்றால் எதைத் திருத்த வேண்டும் என்று அவருக்கே புரிந்துவிடும்.

திருட்டு எழுத்து பற்றி ஒன்று. 2018 யுஜிசி விதிப்படி பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. இந்த எண்ணைச் சொல்லிப் பயமுறுத்தினால் சொல்லுக்குச் சொல் மாற்றி வைக்கத்தான் கற்றுக்கொள்வார்கள். படி, புத்தகத்தை மூடு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல், பிறகு எழுது, யாருடைய கருத்து என்று குறி: இந்த வரிசையை வகுப்பிலேயே நாலைந்து தடவை செய்ய வையுங்கள்.

அக மதிப்பீட்டில் பாதி மதிப்பெண்ணைத் திருத்தத்துக்கே ஒதுக்கிவிடுங்கள். டாக்ஸில் பழைய பதிப்புகள் அப்படியே இருக்கும், முதல் வரைவையும் மூன்றாவதையும் அருகருகே திறந்து, என்ன மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று ஐந்து நிமிடம் மாணவரையே பேச விட்டு, அதைக் கேட்டு மதிப்பெண் போடுங்கள்.