டார்ச்சும் இரண்டு ஸ்பூனும்: வீட்டுப் பெரியவர்களின் வாயைப் பார்ப்பது எப்படி

மூணாறு பக்கத்து எஸ்டேட்டுகளில் காலையில் மலைக்குப் போகிறவர்கள் சோற்றுத் தூக்கை மறந்தாலும் வெற்றிலைப் பையை மறப்பதில்லை. குளிருக்கு என்பார்கள், பசிக்கு என்பார்கள், வாய் சும்மா இருக்கக்கூடாது என்பார்கள். எங்கள் ஆச்சியும் அப்படித்தான். கொழுந்து எடுப்பதை விட்டுப் பல வருடங்கள் ஆன பிறகும் அவருடைய இடது கன்னம் சற்றே புடைத்தபடி இருக்கும். வாய்ப் புற்றுநோயின் அறிகுறி ஏதாவது இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை நான் அவர் வாயைப் பார்க்கிறேன். எப்படிப் பார்ப்பது என்று கேட்ட பக்கத்து லயத்துப் (எஸ்டேட் வரிசை வீடுகள்) பெண்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெறும் கண்ணால் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்குத் திருவனந்தபுரத்தில் பதில் இருக்கிறது. 1996-இல் அந்த மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஏழு பஞ்சாயத்துகளில் 35 வயதைத் தாண்டியவர்களின் வாயைப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். மற்ற ஆறில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். பெரிய கருவி எதுவும் கிடையாது, வெளிச்சமும் கண்ணும்தான். 2005-இல் முடிவு வெளிவந்தபோது, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப் புற்றால் வந்த சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. எந்தப் பழக்கமும் இல்லாதவர்களுக்கு அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. ஆகவே வீட்டில் எல்லாரையும் வரிசையில் நிறுத்த வேண்டாம்; வெற்றிலை, பாக்கு, பீடி, மது உள்ளவர்களிடமிருந்து தொடங்குங்கள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: அங்கே பார்த்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள். நாம் பார்ப்பது சந்தேகத்தைப் பிடிப்பதற்கு மட்டும்; நோய்க்குப் பெயர் வைப்பது மருத்துவர் வேலை.

முதலில் வாயைக் கழுவச் சொல்லுங்கள்

பல்செட் இருந்தால் கழற்றிவிட்டு, நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். முதல் தடவை நான் இதை விட்டுவிட்டேன். கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒன்று ஒட்டியிருந்தது. பயந்துபோய் ஜீப்புக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சுண்ணாம்பு கூடத் தெரியாத கழுதை" என்று சொல்லிவிட்டு ஆச்சி போய் வாயைக் கழுவிக்கொண்டு வந்தார்.

பகல் வெளிச்சம் விழும் வாசற்படியில் உட்கார வையுங்கள். கைபேசி டார்ச், கொதிநீரில் போட்டு எடுத்த இரண்டு ஸ்பூன், சுத்தமான வெள்ளைத் துணித் துண்டு. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மூன்று விரல் கணக்கு

பார்க்கப்படுகிறவரின் சொந்த விரல்கள்தான் அளவுகோல். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நுழைக்கச் சொல்லுங்கள். மூன்றும் போனால் நல்லது. இரண்டோடு நின்றுவிட்டால், கூடவே கொஞ்சம் காரம் பட்டாலே வாய் எரிகிறது என்றும் அவர் சொன்னால், கன்னத்தின் உட்சதை நாராக இறுகத் தொடங்கியிருக்கலாம். இதற்குக் காரணம் பாக்கு. "நான் புகையிலை போடுவதில்லை, பாக்கு மட்டும்தான்" என்று தப்பிக்கப் பார்ப்பார்கள். 2004-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கே தனியாக மனிதனுக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று வகைப்படுத்திவிட்டது. இறுகிய சதை முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவதைத் தடுக்க வாய்ப்பு உண்டு. வாயைத் திறக்கும் பயிற்சியை மருத்துவர் சொல்லித் தருவார்.

கன்னம்: இங்கே அவசரம் வேண்டாம்

"எந்தப் பக்கம் அதக்குவீர்கள்?" என்று கேளுங்கள். இது மிக முக்கியமான கேள்வி. அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்பூனின் பின்பக்கத்தால் கன்னத்தை வெளிப்பக்கமாக விலக்கி, டார்ச்சை அடித்து, வாயின் ஓரத்திலிருந்து கடைவாய்ப்பல்லின் பின்புறம் வரை மெதுவாகப் போங்கள். கீழ்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் இடையிலுள்ள பள்ளத்தை விட்டுவிடாதீர்கள்; வெற்றிலை உருண்டை மணிக்கணக்கில் கிடப்பது அங்கேதான்.

வெள்ளைத் திட்டு தெரிந்தால் துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். தயிர் ஆடை போல வழித்துக்கொண்டு வந்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்றாக இருக்கும். அதற்கு மருந்து உண்டு. துடைத்தும் போகாத வெண்படலத்தை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். அதை லூகோபிளேக்கியா என்பார்கள். அது புற்று அல்ல, பலருக்கு அப்படி மாறுவதுமில்லை, ஆனால் மாறக்கூடியது. வெள்ளையைவிடச் சிவப்புக்கு அதிகம் பயப்பட வேண்டும். வெல்வெட் துணி போலச் சிவந்த திட்டு, அல்லது வெள்ளையும் சிவப்பும் கலந்த திட்டு இருந்தால் நாள் பார்க்காமல் போய்விடுங்கள். வலிக்கவில்லையே என்று யாரும் ஆறுதல் சொல்லிக்கொள்ள வேண்டாம். ஆரம்பத்தில் இவை வலிப்பதில்லை என்பதுதான் தொல்லையே.

நாக்கு

நுனியைத் துணியால் பிடித்து வலப்பக்கம் இழுத்து இடது ஓரத்தையும், இடப்பக்கம் இழுத்து வலது ஓரத்தையும் பாருங்கள். புண்கள் ஒளிந்துகொள்வது இந்த ஓரங்களில்தான். பிறகு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டச் சொல்லி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே தெரியும் நீல நரம்புகள் எல்லாருக்கும் இருப்பவை.

உதடு, ஈறு, அண்ணம், கழுத்து

இவை ஒரு நிமிட வேலை. உதடுகளை மடித்துப் பாருங்கள், தலையை அண்ணாந்து வைத்து அண்ணத்தைப் பாருங்கள். பீடி பிடிப்பவர்களுக்கு அண்ணம் வெளுத்து, இடையிடையே சிவப்புப் புள்ளிகள் இருக்கலாம். ஆந்திரக் கடலோரத்தில் ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பக்கத்துப் பெண்கள் சிலர் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள். அங்கே அண்ணத்தில் புற்று அதிகம் வருவதற்கு அந்த வழக்கமே காரணம். சூடும் புகையும் எங்கே படுகிறதோ அங்கே நோய். கடைசியாகத் தாடைக்கு அடியிலும் கழுத்தின் இரு பக்கங்களிலும் விரலால் தடவிப் பாருங்கள். அசையாத, கெட்டியான, வலிக்காத கட்டி இருந்தால் உடனே காட்டுங்கள்.

எழுதி வையுங்கள், 14 நாள் எண்ணுங்கள்

பார்த்ததைக் காலண்டரில் எழுதுங்கள்: தேதி, இடம், அளவு. "அரிசி மணி", "பச்சைப்பயறு", "மொச்சை" என்று எழுதினால் போதும். ஒரு புகைப்படமும் எடுத்து வையுங்கள். புண்ணுக்கு நேராக உடைந்த கூரான பல் இருந்தால் பல் மருத்துவரிடம் அதைச் சீராக்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண் எதுவானாலும் மருத்துவரிடம் போக வேண்டும். கடையில் களிம்பு வாங்கித் தடவி மூன்று மாதத்தைக் கழித்த ஒருவரை எனக்குத் தெரியும். மூன்று மாதம் என்பது சின்ன விஷயமல்ல.

எங்கள் பக்கத்தில் அடிமாலி தாலுகா ஆஸ்பத்திரியில் தொடங்கலாம். அடுத்து கோட்டயம் மருத்துவக் கல்லூரி; போடிமெட்டு வழியாக இறங்கினால் தேனி மருத்துவக் கல்லூரியும் உண்டு. சிறு துணுக்குச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று சொன்னால் மறுக்காதீர்கள். கத்தி பட்டால் பரவும் என்பது லயத்துக்கு லயம் சுற்றும் கட்டுக்கதை. பரவுவது நாம் தள்ளிப்போடுவதால்.

பழக்கத்தை விட்டால் பயனுண்டா என்று கேட்பார்கள். எறணாகுளம் உட்பட மூன்று மாவட்டங்களில் 36,000 புகையிலைப் பழக்கக்காரர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். விட்டவர்களுக்கும் குறைத்தவர்களுக்கும் புதிதாக வெண்படலம் வருவது குறைந்தது.

ஆச்சியின் இடது கன்னத்தில் சென்ற வருடம் ஒரு படலம் அகப்பட்டது; பச்சைப்பயறு அளவு. துணுக்கெடுத்துப் பார்த்ததில் கெட்டது எதுவும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது வெற்றிலைப் பையில் ஏலக்காய் இருக்கிறது. அது விற்கும் விலையைச் சொல்லி என்னைத் தினமும் திட்டுகிறார்.