பழைய போர்க்கால விமானத்தளங்களின் வரைபடங்கள்: தேடுபவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தளம் ஒன்றை ஆராயத் தொடங்குபவர் முதலில் தேடி எடுப்பது அந்தப் பகுதியின் 1940களின் நிலப்படத்தைத்தான். பிரிட்டனைப் பொறுத்தவரை, அந்தப் படத்தில் பெரும்பாலும் விமானத்தளம் இருக்காது. பழைய வயல்களும் வேலிகளும், எப்போதோ இடிக்கப்பட்ட பண்ணை வீடும் இருக்கும். இல்லாவிட்டால் நடுவில் ஒன்றும் வரையாமல் விட்ட வெற்றிடம் இருக்கும். அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே, பொதுமக்களுக்கு விற்ற படங்களில் ராணுவ இடங்களை வேண்டுமென்றே விட்டுவிட்டது. போர் முடிந்த பிறகும் இந்த வழக்கம் பல ஆண்டுகள் தொடர்ந்தது. படத்தில் இல்லாததால் அந்த ஆண்டில் தளமே இருந்திருக்காது என்று முடிவு கட்டுவது இந்தத் துறையில் அதிகம் பேரைத் திசைதிருப்பும் தவறு.

அச்சிட்ட படம் மறைக்கும், வான்வழிப் புகைப்படம் மறைக்காது என்று நினைப்பதும் பிழைதான். போரின் கடைசிக் கட்டத்திலிருந்து 1950 வரை ஆர்ட்னன்ஸ் சர்வே வான்படங்களை ஒட்டித் தயாரித்த தாள்கள் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் சில பாதுகாப்புக் காரணத்துக்காகத் திரும்பப் பெறப்பட்டு, திருத்தப்பட்டு மறுபடி வெளிவந்தவை. விமானத்தளம் இருந்த இடத்தில் ஓர் ஓவியர் வயல்களை வரைந்திருப்பார், அல்லது மேகத்தைப் படரவிட்டிருப்பார். வேலை நேர்த்தியாகவே இருக்கும். சுற்றியுள்ள வயல்களின் நிழல் ஒரு பக்கம் சாய, இந்த வயல்களுக்கு மட்டும் நிழலே இல்லையென்றால் சந்தேகப்படலாம்.

ஆகவே, அந்தத் தளத்தைத் துல்லியமாக வரைந்து வைக்க வேண்டிய தேவை அன்று யாருக்கு இருந்தது என்று யோசித்துத் தேடுவதே பலன் தரும். கட்டிய பொறியாளர்களுக்கு இருந்தது. குண்டு போட வந்த எதிரிக்கு இருந்தது. பிற்காலத்தில் அந்த மண்ணைச் சுத்தம் செய்யும் பொறுப்பு வந்தவர்களுக்கும் இருந்தது. கடையில் படம் வாங்கிய பொதுமக்களுக்கு அந்தத் தேவை இல்லை.

கட்டியவர்களின் தாள்கள்

பிரிட்டனின் தளங்களுக்கு மிக விரிவான வரைபடம் என்றால் அது விமான அமைச்சகத்தின் பணித்துறை வரைந்த தளப் பதிவு வரைபடம்தான். இவற்றின் பெரிய தொகுப்பு லண்டன் ஹெண்டனில் உள்ள ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் எண்ணும், பக்கத்தில் ஒரு பட்டியலும் இருக்கும்: இது பாராசூட் கிடங்கு, இது குண்டு இணைக்கும் கொட்டகை, இது சமையல்கூடம் என்று. பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே வடிவமைப்பு எண் எழுதியிருப்பார்கள். உதாரணமாக, கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு நேராக 12779/41 என்றோ 343/43 என்றோ காணலாம். சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது ஆண்டு. முதல் வடிவத்தின் முன்பக்க ஜன்னல்களைச் சிறிதாக்கியதே இரண்டாவது. இன்று இடிந்து நிற்கும் கோபுரத்தின் புகைப்படத்தையும் இந்த எண்ணையும் ஒப்பிட்டாலே, தாளில் உள்ளது தரையில் உள்ளதுடன் பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும்.

இங்கே மூன்று தவறுகள் நடக்கின்றன. ஒன்று, திட்ட வரைபடத்தைக் கட்டி முடித்த பிறகு வரைந்ததாக நினைத்துக்கொள்வது. போர்க்காலத்தில் திட்டங்கள் மாறிக்கொண்டே இருந்தன. தாளில் நான்கு ஹேங்கர்கள் (விமானக் கொட்டகைகள்) இருக்கும், தரையில் இரண்டுதான் எழுந்திருக்கும். தாளின் மூலையில் உள்ள தலைப்புப் பெட்டியைப் படிக்காமல் படத்தின் நடுப்பகுதியை மட்டும் நகலெடுத்துப் பகிரும் பழக்கம் இந்தக் குழப்பத்தை இன்னும் பெருக்கியிருக்கிறது. நகல் கேட்கும்போது ஓரங்களும் சேர்த்து வேண்டும் என்று எழுதிக் கேட்பது நல்லது.

இரண்டாவது, ஒரே தாளுடன் திருப்தியடைவது. குண்டுவீச்சில் எல்லோரும் ஒரே இடத்தில் சாகக் கூடாது என்பதால், போர்க்காலத் தளங்களில் ஆட்கள் தங்கும் முகாம்களைத் தளத்திலிருந்து தள்ளி, சுற்றுவட்டாரத்தில் சிதறவிட்டுக் கட்டினார்கள். ஓடுபாதைகள் ஒரு தாளில், தங்குமிடங்கள் வேறு தாளில் என்று பிரிந்திருக்கும். விமானிகளின் படுக்கை எங்கே இருந்தது என்று தேடுபவருக்கு முதல் தாளால் பயனில்லை.

மூன்றாவது தவறு காலத்தைப் பற்றியது. தென் இங்கிலாந்தின் கிரீன்ஹாம் காமன் தளம் 1942-ல் திறக்கப்பட்டது; பிறகு அமெரிக்கர்கள் கைக்குப் போனது. நார்மண்டிப் படையெடுப்புக்கு முந்தைய நாளான 1944 ஜூன் 5 மாலை, நேச நாட்டுத் தலைமைத் தளபதி ஜெனரல் ஐசனோவர் பாராசூட் வீரர்களைச் சந்தித்து வழியனுப்பியது அங்கேதான். ஆனால் 1951-க்குப் பிறகு அமெரிக்கர்கள் அதைப் பனிப்போருக்காக அடியோடு மாற்றிக் கட்டி, 10,000 அடி நீள ஓடுபாதை போட்டார்கள். 1950களின் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு 1944-ன் காட்சியைக் கற்பனை செய்தால், அங்கே இல்லாத பாதையில் விமானங்களை ஓட்டிக்கொண்டிருப்போம்.

காலத்தைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் இருக்கிறது. விமானங்களை நிறுத்தும் கான்கிரீட் திட்டுகள் தொடக்கத்தில் வாணலி வடிவில், நீண்ட கைப்பிடியுடன் வட்டமாக இருந்தன. அதில் போன விமானம் உள்ளேயே திரும்பித்தான் வெளியே வர வேண்டும். பிறகு மூக்குக்கண்ணாடிச் சட்டம் போன்ற வளைய வடிவம் வந்தது. விமானம் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறலாம். இரண்டும் கலந்திருக்கும் தளம் என்றால், இடையில் விரிவாக்கப்பட்டது என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம்.

அளவு விகிதம் பார்க்காமல் வாங்குவது

இதைச் சுருக்கமாகக் கணக்கிலேயே சொல்லிவிடலாம். 1942-ல் உறுதியான பிரிட்டிஷ் தர அமைப்பின்படி முதன்மை ஓடுபாதை 2,000 கஜ நீளம், 50 கஜ அகலம். அதாவது சுமார் 1,830 மீட்டருக்கு 46 மீட்டர். 1:2,50,000 விகிதப் படத்தில் இது 7 மில்லிமீட்டர் கோடு. 1:25,000-ல் 7 சென்டிமீட்டர். அகலம் 2 மில்லிமீட்டர்கூட வராது. 1:2,500-ல் 73 சென்டிமீட்டர். விரிவான வரைபடம் என்ற பெயரில் இணையத்தில் விற்கப்படுபவற்றில் பல முதல் வகையைச் சேர்ந்தவை. ஸ்கேன் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அந்த 7 மில்லிமீட்டருக்குள் ஒரு கட்டடத்தையும் காண முடியாது.

ஒரே பெயரில் தேடுவது

தளத்தின் பெயர் ஒன்றாகவும், மக்கள் அழைத்த பெயர் வேறாகவும் இருந்திருக்கிறது. அமெரிக்க ஆவணங்களில் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்று இருப்பதை உள்ளூரில் ரவ்ஹம் என்பார்கள். இந்தக் குழப்பத்துக்கு மருந்து எண்தான்: அமெரிக்க ராணுவ விமானப்படை பிரிட்டனில் பயன்படுத்திய தளங்களுக்கு நிலைய எண் கொடுத்திருந்தது. பரி செயின்ட் எட்மண்ட்ஸ் 468, தார்ப் அபட்ஸ் 139. அமெரிக்கக் காப்பகங்களில் தேடும்போது பெயர் கைவிட்டாலும் எண் கைகொடுக்கும்.

நார்மண்டியில் 1944 கோடையில் போட்ட தற்காலிகத் தளங்களுக்கும் குறியீடு உண்டு: அமெரிக்கர்களுடையவை ஏ-2 என்பது போலவும், பிரிட்டிஷாருடையவை பி-3 என்பது போலவும் வரும். கிராமத்தின் பெயரில் தேடினால் அந்தக் கிராமத்தின் தேவாலயம்தான் கிடைக்கும். இரும்பு வலையை விரித்து உருவாக்கிய பாதைகள் அவை. வேலை முடிந்ததும் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பல தளங்கள் சில வாரங்களே உயிரோடு இருந்ததால், குடிமக்களுக்கான எந்த நிலப்படத்திலும் அவை ஏறவேயில்லை.

பசிபிக்கில் தளங்கள் கைமாறியபோது பெயரும் மாறியது. குவாடல்கனாலில் ஜப்பானியர் கட்டத் தொடங்கிய தளம், அமெரிக்கர் கைப்பற்றியதும் மிட்வே போரில் இறந்த மேஜர் ஹெண்டர்சனின் பெயரைப் பெற்றது. சைபனில் இருந்த அஸ்லிட்டோ தளத்துக்கு, அங்கே சுட்டு வீழ்த்தப்பட்ட கடற்படை விமானி ராபர்ட் ஐஸ்லியின் பெயரை வைத்தார்கள். அவர் குடும்பப் பெயரில் 's'-க்குப் பிறகு 'e' வர வேண்டும். ராணுவ எழுத்தர்கள் 'l'-ஐ முன்னால் போட்டுவிட்டார்கள். அந்தப் பிழை ஆவணங்களில் அப்படியே நிலைத்துவிட்டது. இரண்டு எழுத்துக்கூட்டலிலும் தேடாதவர் பாதி ஆவணத்தை இழக்கிறார்.

எதிரியின் கேமராவைக் கணக்கில் எடுக்காதது

பல தளங்களின் சிறந்த படத்தை எடுத்தவர்கள் அதை அழிக்க நினைத்தவர்கள். போரின் முதல் ஆண்டுகளில் ஜெர்மன் உளவு விமானங்கள் பிரிட்டிஷ் தளங்களை வரிசையாகப் படமெடுத்து, ஹேங்கர், எரிபொருள் கிடங்கு என்று கோடு போட்டு அடையாளமிட்டன. கைப்பற்றப்பட்ட ஜெர்மன் வான்படங்களின் பெரும் தொகுப்பு அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் காலேஜ் பார்க் கிளையில், பதிவுத் தொகுதி 373-ல் இருக்கிறது.

ஜெர்மன் தளங்களைத் தேடுபவர் இதைத் திருப்பிப் போட வேண்டும். ஜெர்மன் விமானப்படை தன் ஆவணங்களில் பெரும்பகுதியைப் போரின் முடிவில் தானே அழித்துவிட்டது. ஃப்ரைபர்கில் உள்ள ராணுவக் காப்பகத்தில் கதவைத் தட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்புபவர்கள், நேச நாடுகள் எடுத்த படங்களைப் பார்க்க எடின்பரோவில் உள்ள தேசிய வான்பட ஆவணத் தொகுப்பை நாட வேண்டும். நேச நாடுகளின் வான்பட ஆய்வு மையம் இருந்த மெட்மன்ஹமில் ஆய்வு செய்யப்பட்ட படங்கள் அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. ஜெர்மன் தளங்களில் பல புல்தரைகளே என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முக்கோணமாக வெட்டிக்கொள்ளும் மூன்று கான்கிரீட் பாதைகளை எதிர்பார்த்துக் கண்ணைத் தேய்த்துக்கொள்வதில் பொருளில்லை. அது பிரிட்டிஷ் பாணி.

படம் வாங்கும்போது ஓரத்தில் உள்ள குறிப்பைப் படிக்கத் தெரிய வேண்டும். பறந்த உயரமும் லென்ஸின் குவிய நீளமும் தெரிந்தால் விகிதம் கிடைத்துவிடும். 36 அங்குல லென்ஸுடன் 30,000 அடியில் பறந்தால் மூலப் படத்தின் விகிதம் 1:10,000. ஓடுபாதையின் அகலம் அதில் நான்கரை மில்லிமீட்டர். இதே கணக்கைப் பெரிதாக்கிய நகலில் போட்டால் தவறாகும். அடுத்தடுத்த இரு படங்களை வாங்கினால் இன்னும் நல்லது: அவை பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுக்கப்பட்டவை என்பதால், ஸ்டீரியோ கண்ணாடி வழியே பார்க்கும்போது கட்டடங்கள் எழுந்து நிற்கும்.

போலித் தளங்களையும் மறக்கக் கூடாது. கர்னல் ஜான் டர்னரின் துறை பிரிட்டனில் எதிரியை ஏமாற்றவே தளங்களை அமைத்தது. பகலுக்கான கே வகையில் பொம்மை விமானங்களை நிறுத்தினார்கள். இரவுக்கான க்யூ வகையில் விளக்குகள் மட்டும் எரியும். எதிரியின் படத்தில் விமானத்தளம் என்று குறித்திருந்தால், அவர் ஏமாந்தாரா என்றும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

கட்டமும் திசையும்

போர்க்கால ஆவணத்தில் உள்ள இடக் குறியீட்டை இன்றைய பிரிட்டிஷ் தேசியக் கட்டத்தில் (நிலப்படத்தில் இடத்தை எண்களால் குறிக்க உதவும் சதுரக் கோட்டு அமைப்பில்) போட்டால் வேறு ஊரில் போய் நிற்போம். அன்று ராணுவம் பயன்படுத்தியது காசினி கட்டம் என்ற வேறொரு அமைப்பு. வட பிரான்சுக்கு அதற்கென்று தனிக் கட்டம் இருந்தது. இன்றைய தேசியக் கட்டத்துக்கு மாற்றிய பிறகும், அதையும் ஜிபிஎஸ் ஆயத்தொலைவையும் திருத்தம் இல்லாமல் கலந்தால் நூறு மீட்டர் அளவுக்கு இடம் விலகும். ஒரு பதுங்குகுழியைத் தேடுபவருக்கு நூறு மீட்டர் என்பது வேறொருவரின் தோட்டம்.

ஓடுபாதை எண்களும் நிலையானவை அல்ல. அவை காந்தத் திசையைப் பத்துப் பத்துப் பாகையாகக் குறிப்பவை (05 என்றால் சுமார் 50 பாகை). காந்த வடக்கோ நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1940களில் தென் இங்கிலாந்தில் உண்மை வடக்கிலிருந்து காந்த வடக்கின் விலக்கம் மேற்கே சுமார் பத்து பாகை. இப்போது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. போர்க்காலத் தளமாகத் தொடங்கிய ஸ்டான்ஸ்டெட்டில் 05/23 என்றிருந்த பாதை 2009-ல் 04/22 ஆனது. கான்கிரீட் அங்குலம்கூட நகரவில்லை. எண் பொருந்தவில்லை என்று சரியான வரைபடத்தைத் தூக்கி எறிபவர்கள் இருக்கிறார்கள்.

குப்பை அறிக்கைகள்

அமெரிக்காவில் பலரும் தொடாத மூலம் ஒன்று உண்டு. ராணுவம் கைவிட்ட நிலங்களில் எஞ்சிய வெடிபொருளையும் எரிபொருள் கசிவையும் அகற்றும் திட்டத்தை ராணுவப் பொறியாளர் படை நடத்துகிறது. அதற்காகத் தயாரித்த அறிக்கைகளில் பழைய தள வரைபடங்களை, நிலத்தடித் தொட்டிகள் வரை குறித்து, இணைத்திருப்பார்கள். பயிற்சித் தளங்களைத் தேடுபவர்களுக்கு இது பொன் சுரங்கம். வரலாற்றுத் தலைப்பில் தேடினால் வராது; அந்த மாவட்டத்தின் பெயரோடு சுற்றுச்சூழல் ஆய்வு என்ற தலைப்பில் தேட வேண்டும்.

கடைசியாக, காப்பகத்துக்கு எழுதும் மின்னஞ்சல். "இந்தத் தளம் பற்றி உங்களிடம் உள்ள எல்லாம் வேண்டும்" என்று கேட்டால் பெரும்பாலும் பொதுவான பதில்தான் வரும். தளத்தின் எல்லாப் பெயர்களையும், நிலைய எண்ணையும், வேண்டிய ஆண்டையும், தேவைப்படுவது தளத் தாளா சிதறிய முகாம்களின் தாளா என்பதையும் எழுதுங்கள். பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு என்றால், தளங்களின் நாட்குறிப்புகள் உள்ள ஏர் 28 வரிசையையும் குறிப்பிடுங்கள். அந்த நாட்குறிப்பில் ஓடுபாதை நீட்டிக்கப்பட்ட தேதி இருந்தால், கையில் உள்ள வரைபடம் அதற்கு முன்னதா பின்னதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.