கிரீஸ் வரலாறு தெரிஞ்சுக்கணுமா? சாக்ரடீஸ்ல ஆரம்பிக்காதீங்க

கிரீஸ்னு சொன்னாலே நம்மாளுங்க சாக்ரடீஸ், ஒலிம்பிக்ஸ், அலெக்ஸாண்டர்னு ஒரு ரவுண்டு போவாங்க, அலெக்ஸாண்டர் செத்ததும் புக்கை மூடிடுவாங்க. இன்னைக்கு அங்க இருக்கற ஜனங்க தங்களை யாருன்னு நினைக்கறாங்கன்னு புரியணும்னா அந்த ரூட்டு வேலைக்காகாது. கிட்ட இருக்கறதுல ஆரம்பிச்சு பின்னாடி போங்க.

மொதல்ல ரெண்டு லீவு நாளை புடிங்க. ஒண்ணு மார்ச் 25, 1821ல ஒட்டோமான் (துருக்கி சாம்ராஜ்யம்) ஆட்சிக்கு எதிரா கிளம்பின புரட்சியோட நாள். தெற்கே கலமாட்டா ஊர்ல எல்லாம் அதுக்கு ரெண்டு நாள் முந்தியே சண்டை ஆரம்பிச்சாச்சு, ஆனா 1838ல அரசாங்கம் தேசிய நாள்னு அறிவிச்சது 25ஐத்தான், ஏன்னா அன்னைக்குத்தான் மரியாளுக்கு தேவதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாள். ஆர்த்தடாக்ஸ் சர்ச்சும் தேசமும் எவ்ளோ ஒட்டிக்கிட்டு இருக்குன்னு இதுலயே தெரிஞ்சிடும். இன்னொண்ணு அக்டோபர் 28, 1940ல இத்தாலிப் படையை உள்ள விடுன்னு முசோலினி விட்ட மிரட்டலுக்கு கிரீஸ் பிரதமர் மெட்டாக்ஸாஸ் முடியாதுன்னு சொன்ன நாள் (அந்த மெட்டாக்ஸாஸே ஒரு சர்வாதிகாரிதான், அது வேற விஷயம்).

அடுத்தது மேப். கிரீஸ் தனி நாடா ஆன 1832 மேப்பை எடுத்துப் பாத்தா ஷாக் ஆயிடுவீங்க, பாதி கிரீஸைக் காணோம். தெஸ்ஸலி 1881ல வந்துச்சு, தெசலோனிகி 1912ல, கிரீட் 1913ல, ரோட்ஸ் தீவு இரண்டாம் உலகப்போருக்கு அப்புறம் 1947லதான். மொத ராஜாவும் உள்ளூர் ஆளு இல்ல, பவேரியாலேர்ந்து கூட்டிட்டு வந்த ஓட்டோ, பதினேழு வயசுப் பையன். 1834ல ஏதென்ஸ் தலைநகரமாச்சு, அங்க அக்ரோபோலிஸ் குன்று மேல இருந்த பிற்காலக் கட்டடங்களை ஒவ்வொண்ணா இடிச்சாங்க, மசூதி, கடைசியா 1875ல ஒரு பெரிய ஃபிராங்கிஷ் (இடைக்காலத்துல அங்க ஆண்ட மேற்கு ஐரோப்பியர்களோட) கோபுரம். இப்ப போட்டோல நாம பாக்கற அந்த ‘பழைய’ அக்ரோபோலிஸ் 19ஆம் நூற்றாண்டுல செதுக்கி எடுத்ததுன்னுதான் நான் சொல்லுவேன்.

இப்ப நடுவுல இருக்கற பைசாண்டியத்துக்கு, அதாவது கிழக்கு ரோம சாம்ராஜ்யத்துக்கு வாங்க, இதைத்தான் எல்லாரும் ஸ்கிப் பண்றாங்க. அதோட தலைநகரம் கான்ஸ்டான்டிநோபிள் (இன்னைய இஸ்தான்புல்) 1453 மே 29 செவ்வாய்க்கிழமை ஒட்டோமான்கள்கிட்ட விழுந்துச்சு, கிரேக்கர்கள்ல நிறைய பேர் இன்னைக்கும் செவ்வாயை ராசியில்லாத நாளாத்தான் பாக்கறாங்க. அந்த சாம்ராஜ்யத்து ஜனங்க கிரேக்கம் பேசினாலும் தங்களை ரோமர்கள்னுதான் சொல்லிக்கிட்டாங்க. லெம்னோஸ் தீவுல பொறந்த வரலாற்றாசிரியர் பீட்டர் கரானிஸ் ஒரு சம்பவம் சொல்லுவார்: 1912ல கிரேக்க ராணுவம் அந்தத் தீவுல வந்து எறங்கினப்போ பசங்கல்லாம் வேடிக்கை பாக்க ஓடினாங்களாம், என்னடா பாக்கறீங்கன்னு சிப்பாய் கேட்டா ஹெலன்களை (கிரேக்கர்களைத்தான் கிரேக்கத்துல இப்படி சொல்வாங்க) பாக்க வந்தோம்னாங்களாம், ஏன் நீங்க ஹெலன்கள் இல்லையான்னா, இல்ல நாங்க ரோமர்கள்னு பதில். புரட்சி ஆரம்பிச்சு 90 வருஷம் கழிச்சு!

அப்புறம் 1922, இதுல மட்டும் அவசரப்படாதீங்க. பைசாண்டிய நிலமெல்லாம் திரும்ப நமக்கேன்னு ஒரு பெரிய கனவோட அனடோலியாக்குள்ள (இன்னைய துருக்கி) போன கிரேக்க ராணுவம் தோத்துச்சு, அங்க இருந்த ஸ்மிர்னா நகரம் (இன்னைய இஸ்மிர்) எரிஞ்சுச்சு, 1923ல சுவிட்சர்லாந்து லோசான்ல ரெண்டு நாடும் ஜனங்களையே மாத்திக்க ஒப்பந்தம் போட்டாங்க. கிட்டத்தட்ட 12 லட்சம் ஆர்த்தடாக்ஸ்காரங்க கிரீஸுக்கு, சுமார் 4 லட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்கு. யாரு கிரேக்கர் யாரு துருக்கியர்னு பிரிச்சது மொழியை வச்சு இல்ல, மதத்தை வச்சு, அதனால துருக்கி மொழி மட்டுமே தெரிஞ்ச கிறிஸ்தவங்க கிரீஸுக்கு வந்தாங்க, கிரேக்கம் பேசின கிரீட் முஸ்லிம்கள் துருக்கிக்குப் போனாங்க. இதோட தடம் ஃபுட்பால்லயே இருக்கு: ஏதென்ஸோட ஏஇகே, தெசலோனிகியோட பிஏஓகே ரெண்டும் கான்ஸ்டான்டிநோபிள்லேர்ந்து வந்தவங்க தொடங்கின கிளப், லோகோவுல பைசாண்டியத்து இரட்டைத்தலைக் கழுகு.

கிரேக்கர் யார்கிட்டயாவது பேச சான்ஸ் கெடச்சா தாத்தா பாட்டி எந்த ஊருன்னு கேளுங்க, பாதி வரலாறு அவங்களே சொல்லிடுவாங்க. காபியை கிரேக்கக் காபின்னே சொல்லுங்க, 1974ல துருக்கி சைப்ரஸ் தீவுக்குள்ள படையெடுத்ததுக்கு அப்புறம் ‘துருக்கிக் காபி’ சொன்னா மூஞ்சி மாறும். பக்கத்து நாடான வடக்கு மாசிடோனியாவோட பேர்ல அந்த ‘வடக்கு’ங்கறதை முழுங்கிடாதீங்க, மாசிடோனியாங்கறது எங்க பகுதியோட பேருன்னு 2018 வரைக்கும் அந்த நாட்டோட சண்டை போட்டவங்க கிரேக்கர்கள். 1946-49 உள்நாட்டுப் போரையும் 1967-74 ராணுவ ஆட்சியையும் படிச்சு வச்சுக்கங்க, ஆனா உங்க குடும்பம் எந்தப் பக்கம்னு நீங்களா போய் கேக்காதீங்க, அவங்களா ஆரம்பிச்சா கேட்டுக்கங்க.