8-க்கு ஃபேக்டோரியல் கேட்டால் மைனஸில் விடை வந்தது

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருடம், டர்போ சி (சி மொழிக்கான பழைய கம்பைலர், அதாவது நாம் எழுதும் புரோகிராமைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) லேப். ஃபேக்டோரியல் (1 முதல் கொடுத்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது) புரோகிராமில் 7 கொடுத்தால் 5040 என்று ஒழுங்காக வந்தது. 8 கொடுத்தால் -25216. லூப்பை வரிவரியாகப் பார்த்தேன், தப்பே இல்லை. பேப்பரில் கணக்குப் போட்டதும்தான் பிடிபட்டது. டர்போ சி-யில் இன்ட் (முழு எண்ணை வைக்கும் டேட்டா டைப்) 16 பிட், அதாவது 2 பைட்; உச்சவரம்பு 32767. அதைத் தாண்டினால் எண் சுற்றிக்கொண்டு மைனஸ் பக்கம் போய்விடும். வர வேண்டிய 40320-இலிருந்து 65536-ஐக் கழித்தால் அச்சு அசலாக அதே -25216! இன்ட்டை லாங் (அதைவிடப் பெரிய எண்ணைத் தாங்கும் டைப்) ஆக்கினேன், விடையை அச்சிடும் பிரின்ட்எஃப்பில் %d இருந்த இடத்தில் %ld போட்டேன். 12 வரை சரியாக வந்தது. 'இன்ட் என்றால் 2 பைட்' என்று மனப்பாடம் செய்ய வைக்கிறார்களே, அது கம்பைலருக்குக் கம்பைலர் மாறும் என்பதையும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். லேப்டாப்பில் ஜிசிசி (இன்னொரு சி கம்பைலர்) வைத்திருப்பவர்கள் லாங் லாங் (லாங்கைவிடப் பெரிய டைப், 64 பிட்) போடுங்கள், 20 வரை தாங்கும்.